அப்பாவின் ஒரு லிட்டர்

இடைசெவலில் பிறந்து, கோவில்பட்டியில் தீப்பெட்டி லாரி ஓட்டி, என்னையும் தம்பியையும் ஆளாக்கிய எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. கரிசல் வெயிலில் வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் வைத்திருப்பார். வழியில் நடந்து போகிறவர்களுக்கும் நிறுத்திக் கொடுப்பார். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான பிறகு அவருக்கே நாளுக்கு ஒரு லிட்டர்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் பாட்டிலில் அளந்து வைப்பது என் வேலை. "எம் மவ தாசில்தாரு மாதிரி. மனு போட்டாத்தான் தண்ணி தாரா" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் ஒரு நாள் காலை அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முன்பு இரண்டு முறை இப்படி வந்தபோது எனக்குத் தெரியாமல் தண்ணீர் குடித்திருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடத்துல மோந்து குடிச்சியளாப்பா?"

"இல்லட்டீ. சொன்னா நம்பு."

"நெஞ்சு வலிக்கா?"

"வலியெல்லாம் இல்ல. மூச்சுதான் முட்டுது."

நான் நம்பவில்லை. நீர் பிரிகிற மாத்திரையைக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். மதியம் அவருக்கு வேர்த்து ஊற்றிய பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். ஈசிஜி பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்றார். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு வலி தெரியாமலும் வருமாம்.

அங்கிருந்து அனுப்பிய திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார்கள். அடைப்பைப் பார்க்க ரத்தக்குழாயில் மருந்து செலுத்த வேண்டும். அதனால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகலாம், டயாலிசிஸ் வரலாம். செலுத்தாவிட்டால் இதயம் தாங்காது. "என்னய அந்த மிஷின்ல மட்டும் போட்டுறாத" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளையைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. சவுதியில் வேலையிலிருந்த தம்பி போனை எடுக்கவில்லை. பேனாவும் கையுமாக ஒரு மணி நேரம் நின்றேன். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அப்பாவைத்தான் மிதிக்க வேண்டியிருந்தது.

"மகதானம்மா நீங்க? போடுங்க" என்றார் நர்ஸ். போட்டேன்.

அடைப்பை நீக்கினார்கள். மறுநாள் சிறுநீர் நின்றது. சத்தியத்தை மீறி டயாலிசிஸுக்கும் சம்மதித்தேன். மிஷினில் போடும்போதெல்லாம் ரத்த அழுத்தம் இறங்கியது. ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கும், ஐந்து நாளும் சாப்பாடு கொண்டுவந்த அத்தைக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. விதி என்று எல்லோரும் என்னைத் தேற்றினீர்கள். தம்பியும், "நீ செஞ்சது சரிதாங்க்கா" என்றான். அவனுக்கு அன்று காலையில் வீட்டில் நடந்தது தெரியாது. இப்போதுதான் எழுதுகிறேன்.

காரியம் முடிந்து அப்பாவின் அறையைக் கூட்டினேன். அன்று நான் அளந்து வைத்த பாட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மாத்திரைக்குக் குடித்த ஒரு மடக்குதான் குறைந்திருந்தது. திருடிக் குடிக்கிறவர் தம் பங்கை மிச்சம் வைப்பாரா?

உங்கள் வீட்டிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருப்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று அவர்கள் சொன்னால் குடத்தைப் போய்ப் பார்க்காதீர்கள். உடனே ஈசிஜி எடுங்கள். சொன்னால் நம்புங்கள்.