எட்டுப் படிக்கு எத்தனை கிலோ

கடைகளில் படியை எடுத்துவிட்டுக் கிலோக்கல் வைத்த புதிது. நான் தென்காசியில் தறி நெய்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் நோன்பு பிசான நெல் அறுப்போடு வந்தது. குற்றாலத்தில் அருவி வற்றிப் பாறை தெரிந்தது. எங்கள் சின்னவள் இன்னும் தவழவில்லை. நோன்பின் பாதியிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி மருந்தும் ஓதிய தண்ணீருமாகக் கொடுத்துப் பார்த்தோம்.

பெருநாள் தொழுகைக்கு முன்னால், வீட்டில் உள்ள ஒவ்வொரு உயிருக்காகவும், பால்குடிப் பிள்ளைக்காகவும்கூட, ஏழைகளுக்குப் பித்ரா அரிசி கொடுத்துவிட வேண்டும். அது அளந்து கொடுப்பது, நிறுத்துக் கொடுப்பதல்ல. எங்கள் தெருவில் ஆளுக்குத் தலைதட்டி இரண்டு படி. நான், என் வீட்டுக்காரி, மூத்தவள், சின்னவள். ஆக எட்டுப் படி.

முப்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போனேன்.

"எட்டுப் படி அரிசி போடுங்க அண்ணாச்சி."

"படிக்கு எங்கன போக? அதத்தான் சர்க்கார் ஒழிச்சிட்டுல்லா. கிலோவுல கேளும் சாயபு."

"எட்டுப் படிக்கு எத்தன கிலோ?"

"நீரு அரிசி வாங்க வந்தீரா, எனக்குப் பரீட்சை வைக்க வந்தீரா வே?" சிரித்துக்கொண்டே விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டு நிறுத்துக் கொடுத்தார்.

வீட்டில் என் வீட்டுக்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். "பிள்ளைக்கு மொதல்ல அளங்க மச்சான். அவ பேருல ஒரு மணி கொறையக் கூடாது" என்றாள். அப்படியே வீட்டிலிருந்த பழைய படியால் ஆளுக்கொரு பையில் அளந்தேன். கடைசியாக என் பங்குக்கு வந்தபோது இரண்டாவது படி பாதிதான் நிறைந்தது. அவள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இது இலஞ்சிப் புது அரிசில்லா. இன்னும் காயல. நிறுத்தா சரியா இருக்கும், அளந்தா கொறையத்தான் செய்யும். அண்ணாச்சி பழைய அரிசிக் கணக்கப் போட்டிருக்காரு."

பிள்ளை அப்போது கண் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தத் தைரியத்தில் திரும்பவும் கடைக்கு ஓடினேன். ஒரே கூட்டம். என் முறை வந்து தட்டில் அரிசி விழும்போது பொழுது அடைந்து மஃரிப் பாங்கு கேட்டது. அண்ணாச்சி ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்து, "நோன்பத் தொறந்துட்டுப் போரும்" என்றார். பழத்தை வாயில் போட்டுக்கொண்டு வந்தேன். மூத்தவள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

தெரு கூடிவிட்டது. பள்ளிவாசல் லெப்பை வந்தார். ஓரமாக இருந்த அரிசிப் பைகளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, இந்த நேரத்துல கேக்குதேன்னு நெனைக்காத. மூச்சு எப்ப நின்னுச்சு? மஃரிபுக்கு முந்தின்னா பிள்ளைக்குப் பித்ரா இல்ல. பெறகுன்னா கடமை."

பாங்கு கேட்டபோது நான் அரைப் படி அரிசிக்காகக் கடையில் நின்றவன்.

"பெறகுதான்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்தது. "பாங்கு முடிஞ்ச பெறகு பால்ல துணிய நனைச்சு உதட்டுல வச்சேன். நாக்க அசைச்சா."

லெப்பை தலையைக் குனிந்துகொண்டார். "அப்பம் கடமைதான் தாயி."

பாங்குக்கு முந்தியே அழுகைச் சத்தம் கேட்டது என்று பிறகு பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. படைத்த ரப்பு அறிவான்.

மறுநாள் பெருநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, பிள்ளையை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகுமுன், அரிசியைத் தூக்கிக்கொண்டு தள்ளியிருந்த தெருவில் ஒரு கண் தெரியாத விதவையின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எங்கள் வீட்டுச் செய்தி எட்டியிருக்கவில்லை. பைகளைத் தடவிப் பார்த்தார்.

"எத்தன பேருக்கு வாப்பா?"

"நாலு பேருக்கு."

"நாலு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுசக் கொடுக்கட்டும்" என்று கையேந்தினார்.

ஆமீன் சொன்னேன்.