மயிரிழைக் கோடுகள்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரைத் தலைப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் பக்கத் தலைப்புக்கென்று அவரே வரைந்த எழுத்து ஒன்று உண்டு. நிமிர்ந்த கோடெல்லாம் தூண் மாதிரி தடிப்பு, வளைவெல்லாம் மயிரிழை. அதை யாராவது சின்ன அளவில் போட்டுவிட்டால் தொலைந்தார்கள். "பொடிசாப் போட்டா மெல்லிசுக் கோடெல்லாம் அச்சுல காணாமப் போயிடும்யா! எத்தனை தடவை கத்துறது?" என்று எரிந்து விழுவார்.

வீட்டில் அவர் மனைவி பேப்பரில் தலைப்பை மட்டும்தான் படிப்பாள். "உங்க எழுத்துக்குக் கண்ணாடியே வேண்டாம். மத்ததெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பாள். அதைவிடப் பெரிய விருது அவருக்குக் கிடைத்ததில்லை.

அவள் போய்ச் சேர்ந்த அன்று, காலமானார் அறிவிப்பை அவரே உட்கார்ந்து வடிவமைத்தார். கிடைத்த இடம் தீப்பெட்டி அளவு. அவள் பெயரை வேறு எழுத்தில் போட அவருக்கு மனசு வரவில்லை. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது பெயர் ஜம்மென்று நின்றது. அலுவலகத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. எடுத்துச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை மனைவியின் தங்கை பேப்பரைப் புரட்டித் தேடினாள். படம் இருந்தது. அதன் கீழே கரிய குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றன.

"என்ன அத்தான், அக்கா பேரையே காணோம்?"

அவர் பேப்பரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அந்தக் குச்சிகளின் மேல் விரலை வைத்தார்.

"இங்கதாம்மா வச்சேன்" என்றார்.