இரண்டும் வெற்றுத் தகடு

நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் அலர்மேல்மங்கைக்கு வேலை, தகடு செய்வது. பலமாக மூச்சு விட்டாலே கிழியும் தகடு. தண்ணீரில் மிதக்கவிட்டுச் சட்டத்தில் ஏந்தும்போது ஃபேன்கூட ஓடக் கூடாது. பதினோரு வருஷப் பழக்கத்தில் தோசை திருப்பும்போதும் மூச்சைப் பிடிக்கிறாள் என்று கேலி செய்வோம்.

இந்த முறை தகடு பார்கவி என்ற ஆராய்ச்சி மாணவிக்கு. அவள் ஆராயும் அணு சில நாளில் அழிந்துவிடும். அது நியூட்ரானை எவ்வளவு விழுங்கும் என்று நேரே மோதிப் பார்க்க வழியில்லை. அதனால் அழியாத பக்கத்து அணுவைத் தகட்டில் பூசி, வேறு துகளால் அடித்து, தெறிப்பதை வைத்துக் கணிப்பார்கள். எதுவும் பூசாத வெற்றுத் தகட்டையும் அடித்து, அதில் வருவதைக் கழிப்பார்கள். இதற்கு டெல்லியில் உள்ள துகள் முடுக்கி இயந்திரத்தில் ஐந்து நாள் கிடைக்கப் பார்கவி இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

பார்கவி டெல்லியில் வேலை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, இங்கே மிச்சமிருந்த வெற்றுத் தகட்டை எடை போட்ட மங்கை, இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தாள். வெற்றுத் தகடு இவ்வளவு கனக்காது. சட்டத்தில் அடையாளக் கீறல் போட்ட பிறகுதான் தகட்டை ஏந்த வேண்டும். தகடு செய்த அன்று கரண்ட் போன அவசரத்தில் ஏந்திவிட்டுக் கீறியிருந்தாள்; கீறல் மாறி, பூசிய தகடு இங்கேயே தங்கிவிட்டது. டெல்லிக்குப் போனது இரண்டும் வெற்று.

ஒப்பந்த வேலை, சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, பார்கவியின் யோசனைதான் தப்பு என்றாகும். பார்கவிக்குப் போன் செய்தாள். நேரே சொல்ல நாக்கு எழவில்லை.

“சும்னே, சும்மாதான் கூப்பிட்டேன் பார்கவி. சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்க்கா.”

“ரெண்டு தகட்டுலயும் ஒரே மாதிரி வருதா?”

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்? என் யோசனையே தப்புன்னு நேத்து எங்க கைடு சார்கிட்ட சொல்லிட்டேன்.”

“தப்பு உன்னுதில்ல. கீறலை மாத்திப் போட்டது நான். சரியான தகடு இங்க இருக்கு, நானே எடுத்துட்டு வரேன்.”

அதுவரை விமானம் ஏறியிராதவள் மதியமே ஏறினாள். தகடு முழுசாக இருக்கிறதா என்று திறந்து பார்க்கவும் பயம். டெல்லி வரை டப்பாவை மடியில் அணைத்தபடி, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள்.

பார்கவி டப்பாவைத் திறந்தாள். தகடு முழுசாக இருந்தது. மறுநாள் காலை கணினித் திரையின் வரைபடத்தில், வெற்றுத் தகட்டில் வராத முதல் மேடு எழும்பியது. பார்கவி அழுதாள். மங்கை காலி டப்பாவை மூடி வைத்தாள்.

“இப்ப சாரைக் கூப்பிடு பார்கவி,” என்றாள். “பயமாத்தான் இருக்கு. நானே சொல்லிடறேன்.”