வெள்ளிக்கிழமை கட்ட வேண்டிய பணம்

மகளுக்கு நர்சிங் இடம் கிடைத்த பட்டியல் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தது. வெள்ளி இரவு எட்டு மணிக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பணம் இல்லாமல் இல்லை. என் மாமியாரின் கணக்கில் பத்திரமாக இருந்தது.

ரேஷன் அரிசிக்குப் பதிலாக அரசாங்கம் காசு போட்ட காலத்தில் அவர் பெயரில் திறந்த கணக்கு அது. "நம்ம கையில இருந்தா கரைஞ்சிடும், அம்மாகிட்ட இருந்தா ஒரு பைசா நகராது" என்று என் கணவர் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் அதில் போட்டுவந்தார். நானும் தையலில் வந்ததைப் போட்டேன்.

வெள்ளி காலையிலேயே என் தவிப்பு ஆரம்பித்தது. "பூசை முடியட்டும்மா" என்றார் அத்தை. பூசை முடிந்தது. "ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சே." ராகு காலமும் போனது. சாப்பிட்டார், படுத்தார், எழுந்து ஏற்கெனவே மடித்த துணியை மறுபடி மடித்தார். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தேன். மகள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு அத்தை சொன்னார்:

"வெள்ளிக்கிழமை அதுவுமா, விளக்கு வச்சப்புறம் காசு வெளிய போவக் கூடாது. நாளைக்கிக் காலையில அனுப்பிக்கலாம்."

"நாளைக்கி சீட்டு இருக்காது அத்தை! கையில எண்ணியா குடுக்கப் போறீங்க? போன்லதானே போவுது."

"போன்ல போற காசும் காசுதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யக் கூடாத காரியம்தான், ஆனாலும் செய்தேன். அவர் கொல்லைப்பக்கம் போனதும் அவர் போனை எடுத்தேன். அவருக்குக் கண் மங்கல், பின் நம்பர் போட்டுத் தருவது வழக்கமாக நான்தான். இருப்பைப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சம்.

மீதியெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பே அறுவடை மிஷின்காரருக்குப் போயிருந்தது போனிலேயே தெரிந்தது; அன்றைக்கு வேறு யாரையோ விட்டுப் பின் நம்பர் போட்டிருக்கிறார். குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் இறங்குகிற பெல்ட் மிஷினுக்கு வாடகை அதிகம். "இனிமே வயலுக்கு என் காசு ஒத்த ரூபா கெடையாது" என்று போன வருடமே என் கணவர், வயலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என் மாமனாரின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். நெல் விற்றதும் திரும்பப் போட்டுவிடலாம் என்று அத்தை நினைத்திருப்பார். நெல்லோ இன்னும் ஈரத்தோடு களத்தில் கிடந்தது.

அத்தை திரும்பி வந்து என் கையில் போனைப் பார்த்தார். சண்டை போட நேரம் இல்லை. வளையல் இரண்டையும் கழற்றிக்கொண்டு மகளோடு ஸ்கூட்டியில் கடைத்தெருவுக்குப் பறந்தேன். அடகுக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "வெள்ளிக்கிழமையில கழட்டிட்டு வந்திருக்கீங்களேம்மா" என்று சொல்லிக்கொண்டே எடை போட்டார்.

கடைக்காரர் பணத்தை என் கணக்குக்கே அனுப்ப, ஏழே முக்காலுக்குப் போனிலேயே கட்டினோம். மகள் நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வந்தது ஆத்திரம்தான். பணம் போனதற்காக இல்லை. இருபது வருடமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே கேட்டேன்.

"சொன்னா நீ அவன்கிட்ட சொல்லிடுவ. அவன் அப்பாகிட்ட பேசுறதையே விட்டுடுவான்" என்றார் அத்தை.

கணவர் வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றியபடியே கேட்டார். "கட்டியாச்சா? அம்மா குடுத்துட்டாங்கல்ல?"

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டாங்க" என்றேன்.

இருபது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதர். வெறுங்கையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்குச் சோறு போட்டேன்.