கிழிந்த காதுக்காரன்

கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு குரங்கின் மீது பொறாமைப்பட்டவன் நான். ஆண் குரங்கு, இடது காது கிழிந்தவன். என்னைவிட அழகன் என்று சொல்ல முடியாது. சரியான போட்டி என்று சொல்லலாம்.

எண்பதுகளில் ஞாயிறுதோறும் நானும் மனைவியும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறி அர்ச்சனை செய்துவிட்டு, அடிவாரத்துத் தாவரவியல் தோட்டத்துக்குள் நுழைவோம். அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைப்பழங்களில் எனக்கு ஒன்று, மிச்சமெல்லாம் குரங்குகளுக்கு. பினாங்கில் அப்போது எல்லோரும் செய்ததுதான். ஆனால் மற்றவர்கள் பழத்தை வீசினார்கள், சிலர் ஐஸ்கிரீமைக்கூட. என் மனைவி தோலை உரித்துக் காதுக்காரனின் கையில் கொடுத்தாள்.

"சாப்புடுடா ராசா, பயப்படாத."

எனக்கான பழம் தோலோடுதான் வரும். என்னை அவள் கடைசியாக ராசா என்று அழைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். அழைத்ததே இல்லை.

குரங்கோடு நேரடியாகச் சண்டை போடக் கூச்சமாக இருந்ததால் படிக்க ஆரம்பித்தேன். சூலியா தெருவின் பழைய புத்தகக் கடையில், காடுகளைப் பற்றிய கனமான நூல்களாகப் பார்த்து வாங்கினேன். ஒரு விலங்கிடம் இரக்கம் காட்டுவது ஒரு இலாகா, காட்டையே காப்பாற்றுவது வேறு இலாகா, இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் பேச்சுவார்த்தை குறைவு என்று தெரிந்துகொண்டேன். ஊட்டி வளர்த்த குரங்குகள் பெருகும், பறவைக் கூடுகளில் முட்டை திருடும், மனிதரிடம் பயம் விட்டுப்போகும். எல்லாம் உண்மை. அந்த உண்மைகளை நான் தேடிப் போன காரணம்தான் சகிக்காது.

ஒருநாள் காதுக்காரன் ஒரு குழந்தையின் கையைப் பிறாண்டிவிட்டு ரொட்டிப் பையோடு மரமேறினான். முரட்டுக் குரங்குகளைப் பிடித்துக் கொண்டுபோகலாமா என்று கருத்துக் கேட்க, தோட்டத்தார் வழக்கமாக வருகிறவர்களை அழைத்துக் கூட்டம் போட்டார்கள்.

"நீங்கதான் நல்லா பேசுவீங்க. அத விட்ரச் சொல்லுங்க," என்று மனைவி கெஞ்சினாள். என் சட்டையைத் தேய்த்தும் கொடுத்தாள். சரி என்று தலையாட்டினேன்.

கூட்டத்தில் பேச எழுந்தபோது அவளைப் பார்த்தேன். முன்வரிசையில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் குடல்வால் அறுவை நடந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான், படித்ததையெல்லாம் மேடையில் கொட்டிவிட்டேன். ஒரு குரங்குக்காக ஒரு காட்டைப் பலி கொடுக்கலாமா என்று கேட்டு முடித்தேன்.

"சாமிக்குப் படைச்ச பழத்தத்தானய்யா குடுக்குறோம், அது ஒரு குத்தமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"பழம் சரிண்ணே. ஐஸ்கிரீம் குடுக்கச் சொன்னது எந்தச் சாமி?" என்றேன்.

சிரிப்பு, கைதட்டல். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. தோட்டத்தின் இளம் அதிகாரி, நம்மவர், "சார் சொல்றது கரெக்ட் லா," என்று ஊர் வழக்கப்படி லா போட்டு ஆமோதித்தார். இனி யாரும் தீனி போடக் கூடாது, முரடர்களுக்குக் கூண்டு என்று முடிவானது. பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு போனபோது காதுக்காரன் கூண்டுக்குள் இருந்தான்.

"மத்ததெல்லாம் கிட்டயே வரல அக்கா. இவன் உரிச்ச பழத்தப் பாத்ததும் நேரா உள்ள வந்துட்டான். பயமே இல்ல," என்றார் அதிகாரி. பாராட்டாகத்தான் சொன்னார். மனைவி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோடதானே விடுவீங்க, தம்பி?"

"உள்காட்டுல விட்ருவோம் அக்கா."

விட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் தகுதி எனக்கில்லை.

அதன் பிறகும் ஞாயிறுதோறும் போனோம். போட்டியாளன் இல்லை, ஆனாலும் அவள் கண் மரங்களின் மேலேயே இருந்தது. ஊரில் இல்லாதவனோடு போட்டி போடுவது இன்னும் கஷ்டம். அவளை என் பக்கம் திருப்ப, வழியெல்லாம் பேசினேன்: அத்தி மரங்கள், இருவாட்சிப் பறவைகள், விதை பரவும் விதம். ஒரு வளைவில் அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது ஒரு வார்த்த பேசாதுங்க," என்றாள். "அதான் எனக்குப் புடிச்சுது."