கோழி அடைகாத்த மயில்கள்

எங்கள் அப்பா வக்கீல் குமாஸ்தா. வக்கீல்கள் சட்டத்தை வைத்து வாதாடுவார்கள். அப்பா அந்தச் சட்டத்துக்கே பயப்படுவார். ரயில்வே கேட் திறந்து கிடந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, யாரோ உத்தரவு கொடுத்த பிறகு போவதுபோலத்தான் தண்டவாளத்தைத் தாண்டுவார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு, ஒரு பங்குனி மாதச் சாயங்காலம், மாமா மயில் முட்டைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் அவருக்கு வயல். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மெஷின் கடைசி வயலில் திரும்பும்போது ஒரு பெண்மயில் எழும்பிப் பறந்திருக்கிறது. இறங்கிப் பார்த்தால், நெல்லுக்கு நடுவே முட்டைகள். மறைவுக்கு ஒரு கதிர்கூட மிச்சமில்லாத இடத்துக்கு மயில் திரும்பி வருமா? பொழுது சாயும் மட்டும் பார்த்திருக்கிறார். நாய்கள்தான் வந்தன.

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தின மாதம் அம்மா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பையோடு மட்டும் திரும்பி வந்திருந்தாள். தம்பிப் பாப்பா வரும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வராததைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா, ‘சாப்பிடு’, ‘குளி’ என்பதற்கு மேல் பேசவில்லை. வீடே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது.

“எக்கா, ஒன் கோழி அடையிலதான இருக்கு? அதுக்கடியில இத வச்சுரு” என்றார் மாமா.

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “மாப்ளே, இது என்னன்னு தெரிஞ்சுதான் தூக்கிட்டு வந்தீரா? தேசியப் பறவைவே! வன உயிர்ச் சட்டத்துல மொத அட்டவணை. அதுல முட்டைய எடுத்தாலே வேட்டைதான். எனக்கு ஜாமீன் மனுவ நானே எழுதணும்.”

“முருகன் வாகனம்லா, அத்தான்.”

“முருகன் கேஸ் போடமாட்டாரு. வனத்துறை போடும்.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: “அடைக்கு வைக்கது எப்படிங்க வேட்டையாவும்?”

அந்த ஒரு மாதத்தில் அம்மா பேசிய நீளமான பேச்சு அதுதான். அப்பா போய்த் தெருக்கதவைச் சாத்தினார்.  மாமா துண்டை அவிழ்த்தார்.

கோழிக்குத் தன் கணக்கு ஒன்று உண்டு. மூன்று வாரம் உட்காரும், அதற்கு மேல் எழுந்து போய்விடும். மயில் முட்டைக்கோ நாலு வாரம் வேண்டும். கணக்கு முடிந்ததும் எங்கள் கோழி எழுந்து எழுந்து நின்றது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, உள்ளங்கையில் நொய்யரிசியைக் காட்டி, “இன்னுங் கொஞ்சம் பொறு தாயி, பைய உக்காரு” என்று கெஞ்சுவாள். கோழியும் கெஞ்சலுக்குக் கட்டுப்பட்டது.

குஞ்சுகள் பொரித்தன. பழுப்பு நிறம், ஒல்லிக் கழுத்து. கோழி தரையைக் கிளறி ‘கொக், கொக்’ என்று கூப்பிடும்; இவை தரையைப் பார்க்காமல் அதன் அலகையே அண்ணாந்து பார்க்கும். மயில் வாயால் எடுத்து ஊட்டுமாம்; அது கோழிக்குத் தெரியாதே! அம்மா கரையானை விரல் நுனியில் ஒட்டி ஒவ்வொன்றுக்கும் நீட்டினாள். நீட்டும்போது பேசினாள். குஞ்சுகளோடு பேசிய வாய் பிறகு என்னோடு பேசியது, அப்பாவைத் திட்டியது. வீட்டில் மறுபடி சத்தம் கேட்டது.

அப்பா மட்டும் கோர்ட்டிலிருந்து வந்ததும் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தாழிடுவார். “யாரும் கேட்டா ஒண்ணும் சொல்லாதட்டி” என்பார். உடனே, “பொய்யும் சொல்லக் கூடாது” என்பார். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வனத்துறைக்காரர் ஒருவர் தெருவில் வீடு வீடாக வந்தார். காக்கிச் சட்டை, நல்ல சிரிப்பு. எங்கள் முற்றத்தில் நின்று அப்பாவிடம் சொன்னார்: “கிளி, மயிலு எது வளத்தாலும் குத்தந்தான் அண்ணாச்சி. இப்பமே குடுத்துட்டா கேஸ் கெடையாது. பெறவு மாட்டுனா நான் பொறுப்பில்ல.”

அந்த நேரம் பார்த்து முற்றத்தில் கோழி, பின்னால் குஞ்சுகள், அவற்றுக்குப் பின்னால் கையில் கரையான் போட்ட தேங்காய்ச் சிரட்டையோடு அம்மா. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“கோழிக்குஞ்சு சார்” என்றார்.

“இல்ல! மயிலு!” என்று கத்தினேன்.

வனத்துறைக்காரர் குனிந்து குஞ்சுகளைப் பார்த்தார். அம்மாவின் விரல் நுனியைப் பார்த்தார். என்னிடம், “மயிலுன்னா தோகை எங்கட்டி?” என்றார். பிறகு நிமிர்ந்து, “கோழிக்குஞ்ச கூட்டுல அடைக்காதீங்க அண்ணாச்சி. றெக்க வந்தா போற எடத்துக்குப் போவட்டும். தடுக்கக் கூடாது, என்னக்கா?” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

கூட்டில் அடைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் குஞ்சுகள் ஒவ்வொன்றாக எங்கள் வேப்பமரத்துக் கிளைக்கு ஏறிவிட்டன. பறக்கத் தெரியாத கோழி மரத்தடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதன் பக்கத்தில் அம்மா. அழுவாள் என்று நினைத்தேன். “ஏட்டி கிறுக்கிகளா, எம்புட்டு ஒசரம்! பாத்து, விழுந்துராதீங்க” என்று மேலே பார்த்துச் சிரித்தாள்.

அப்பா கொஞ்சம் தள்ளி நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

“எப்பா, அன்னைக்கு நீங்க பயந்துதான பொய் சொன்னீங்க?”

“ஆமாட்டி” என்றார், அம்மாவிடமிருந்து கண்ணை எடுக்காமல். “ரொம்பப் பயந்துட்டேன்.”

ஜெயிலுக்குப் பயந்தார் என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.