ஓரம் தேய்ந்த நான்கு டயர்கள்

இன்று மத்தியானம் இராமநாதபுரம் டயர் கடையில் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் அவருடைய டிரைவர். அவரிடம் ரேஸ் ஓட்டுகிற இரண்டு சீட்டு கார் இருக்கிறது. அதில்தான் வாராவாரம் மாரியூர் கடற்கரைக்குப் போவோம். சக்கரம் மணலில் புதையாமலிருக்க, பாதிக் காற்றை இறக்கிவிடுவேன்.

திரும்பும்போது கைப்பம்பை எடுத்தால், "நேரமாச்சு, ஊர்ல போயி அடிச்சுக்கலாம்" என்பார். பிறகு அவரே ஸ்டியரிங்கைப் பிடித்து ரோட்டில் பறப்பார்.

இன்று கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார்.

"இங்கன பாருங்க. நடுவுல அப்படியே இருக்கு, ரெண்டு ஓரமும் வழுக்கையாப் போச்சு. காத்து கொறைவா ஓட்டுனா ஓரந்தான் தேயும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏலே, காத்து பாக்குறது யாரு வேலை?"

"என் வேலைதான் மொதலாளி" என்றேன். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

புது டயர் வர ஒரு மாதமாகும். மதராஸில் ரேஸ் இந்த ஞாயிற்றுக்கிழமை.

முதலாளி யோசித்தார். "அப்பக் காத்தைக் கூட்டி அடி. ஓரம் தரையில படாதுல்ல."

"அப்படிச் செஞ்சா நடுவும் தேஞ்சிரும். ரோட்டுல பிடிமானமும் இருக்காது" என்றார் கடைக்காரர். முதலாளி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் காற்றடித்தேன். நாளைக் காலை அதே டயர்களில் மதராஸ் புறப்படுகிறோம். ஓட்டப்போவது அவர், பக்கத்து சீட்டில் நான்.

மெதுவாகப் போகும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டு இன்னும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.